மூன்று தேசத்து வண்டிகளும் என் கொழுந்தனாரும்

என் பெரிய பேரன் கம்ப்யூட்டர் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான். பேத்தி நர்சிங்கில் முதல் வகுப்பு. கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்திருக்கிறான். இதையெல்லாம் சொல்லத்தான் ஜோகுபாளையத்தில் இருக்கும் என் கொழுந்தனார் தேவராஜ் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி ரோசி எடுத்தாள். "அக்கா, அவரு விடியக்காலையில செத்துட்டாருக்கா" என்றாள். பேரப்பிள்ளைகள் சங்கதியை அவரிடம் சொல்ல முடியாமலே போயிற்று.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் சொந்தக்காரர்களே, அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் ஷெட்டும் தெரியும். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத்தான் ரிப்பேர் செய்வார். ஐந்தாவது படித்த எனக்கு எல்லாம் ஒரே வண்டிதான். அவருக்கு அப்படியில்லை. "இத்தாலிக்காரன் காதுக்காகச் செய்யறான் அண்ணி. ஜெர்மன்காரன் ரோட்டுக்காகச் செய்யறான். இங்கிலீஷ்காரன் ஞாயித்துக்கிழமைக்காகச் செய்யறான்" என்பார். "இதுல எது தம்பி ஒசத்தி?" என்று கேட்டால், "ஓனர் பக்கத்துல நிக்கறாரா பாருங்க, அப்புறம் சொல்றேன்" என்பார்.

இப்போது ரோசிக்கு ஒரே கவலை. முப்பதாம் நாள் சர்ச் பூசைக்கு வைக்க, அவர் முகம் தெரிகிற படம் வீட்டில் இல்லை. இருக்கிற படத்திலெல்லாம் வண்டி நன்றாக விழுந்திருக்கிறது. அவர் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறார்.

முகம் தெரிய எடுத்த படம் ஒன்றே ஒன்று. என் மகள் ஸ்டெல்லா கல்யாணத்தில் எடுத்தது. தகப்பன் இல்லாத பெண் என்று சித்தப்பாதான் அவளைக் கோயிலுக்கு ஓட்டிப்போனார். அவர் ஜெர்மன் வண்டி ஒன்றைக் கேட்டு வைத்திருந்தார். கிடைத்தது இங்கிலீஷ் வண்டி. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் கூடி அதன் முன்பக்கம் முழுக்கச் சாமந்தியும் ரோஜாவும் சுற்றினார்கள்.

"முன்னாடி மூடாதீங்கம்மா! இது மூக்கால மூச்சு விடற வண்டி. ஜெர்மன் வண்டின்னா என்ஜின் பின்னாடி. அதுக்கு எவ்ளோ வேணா சுத்துங்க."

"கல்யாண வண்டிய மொட்டையா ஓட்டுவீங்களா? கம்முனு ஏறுங்க" என்றாள் ரோசி. அவர் ஏறிவிட்டார். வண்டி விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், ரோசிக்கு மட்டும் விட்டுக்கொடுப்பார்.

அல்சூர் ஏரிப் பக்கம் வண்டி ஆவி கக்கி நின்றது. பின்னால் ஆட்டோவில் வந்த நாங்களும் இறங்கினோம். எங்கள் பங்குச் சாமியார் மணி தவறாதவர். "சித்தப்பா, சாமியார் திட்டப் போறாரு!" என்று ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். அவர் பூவையெல்லாம் பிய்த்தெடுத்தார். கல்யாணப் பூவைத் தரையில் போடக்கூடாதே என்று அத்தனையையும் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

"கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் கண்ணு. சாமியார் கேட்டா இங்கிலாந்து மேல பழி போட்டுடலாம்" என்றார். ஸ்டெல்லா சிரித்தாள். அவரும் சிரித்தார். ஸ்கூட்டரில் வந்த போட்டோக்காரர் அப்போதுதான் எடுத்தார். தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினோம். கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் யார் வீட்டுக் கல்யாண வண்டிக்குப் பூச் சுற்றினாலும், "என்ஜின் எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

எங்கள் ஆல்பத்தில் இருந்த அந்தப் படம் மழை ஈரத்தில் ஒட்டிப்போய், பிரித்தபோது முகம் உரிந்துவிட்டது. அப்போது பிரதி வாங்கிப்போனவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதை வைத்துப் புதிதாக ஒரு பிரதி போட்டு ரோசிக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு நாங்கள் மாலை வாங்க வேண்டியதில்லை.