பிலேமோனின் ஸ்டாண்டு ஊழியம்

ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்திருக்கிறார் என்று போத்தனூர் சபையில் வருஷத்துக்கு நாலு தடவையாவது பிரசங்கம் நடக்கும். அந்த நாலு தடவையும் பிலேமோன் தலையைக் குனிந்துகொள்வார்.

முப்பத்திரண்டு வருஷம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வரத்தைத் தேடாமலும் இல்லை. பாடகர் குழுவில் சேர்ந்தார். இரண்டாம் வாரம் வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் வாரம் வாயையும் அசைக்க வேண்டாம் என்றார்கள். ஞாயிறு பள்ளியில் உலகம் வெள்ளத்தில் மூழ்கிய கதையைச் சொன்னார். மறுநாள் தூறலைப் பார்த்த பிள்ளைகள் கட்டிலை விட்டு இறங்கமாட்டோம் என்று அழுதார்கள். நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் போட்டார்கள். மூட்டுவலிக்காரர் ஒருவரிடம் போய், மில்லில் மூட்டுவலியில் ஆரம்பித்துச் செத்துப்போன ஆறு பேரைப் பற்றி ஆறுதலாகப் பேசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

வரம் ஒரு செவ்வாய்க்கிழமை உக்கடத்தில் கிடைத்தது. அப்துல் நாசரின் டீக்கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பைக்கில் ஒருவர் சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்பினார். பிலேமோன் தன்னையறியாமல், "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று சத்தம் போட்டார். அந்த ஆள் குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நன்றி சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிலேமோனுக்கு நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. இடப்பக்கம் திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் தட்டி அந்த மனிதர் விழுந்திருக்கலாம், விழவில்லை. விழாமல் போனது அவருக்கே தெரியாது. இது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், அதில் ஒருவர் ஆண்டவர் என்று நினைத்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

அதிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு நாசரின் கடை வாசலுக்கு வந்துவிடுவார். சபையில் பாட வராத அவருடைய குரல் பஸ் ஹாரனைத் தாண்டிக் கேட்டது. சாயங்காலம் வீட்டில் ஜெபிக்கும்போது, தன் சத்தம் எட்டாமல் போன வண்டிகளை நிறம் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார். அவருடைய மனைவி பெர்சிஸ், இதை வெளியில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவரும் சொல்லவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து பெரிய பிரசங்கியார் வருவதாக இருந்தது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவரை வரவேற்று ஆட்டோவில் அழைத்துவர ஒரு ஆள் வேண்டும். உக்கடத்தில்தான் எப்போதும் நிற்கிறாரே என்று செயலாளர் பிலேமோனிடம் பொறுப்பைக் கொடுத்தார். 'தேவ ஊழியரே வருக வருக' என்று எழுதிய அட்டையையும் கொடுத்து, இதிலாவது தவறு வரக்கூடாது என்றார்.

பிலேமோன் இஸ்திரி போட்ட சட்டையோடு, பஸ் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்த ஸ்கூட்டி அவரைத் தாண்டிப் போனது. மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு வெறும் கூடைகளோடு திரும்பிய ஒரு அம்மா ஓட்டினார். தலையில் துண்டு, அதன் மேல் ஹெல்மெட். ஸ்டாண்டு முழுசாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

கத்தினார். கேட்கவில்லை. அட்டையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். ஸ்கூட்டி பொள்ளாச்சி ரோட்டில் இறங்கியது. பக்கத்தில் பொள்ளாச்சி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. பிரசங்கியார் தானாக வந்து சேருவார், அவருக்கு வாய் இருக்கிறது. அந்த அம்மா இடப்பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? பிலேமோன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஆத்துப்பாலம் தாண்டும்வரை கண்ணை மூடி ஒரே ஜெபம்தான். அந்த அம்மாவை லெப்ட்டில் மட்டும் திரும்ப விடாதீர், ரைட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பட்டும். மலுமிச்சம்பட்டி வந்தபோது பஸ் ஸ்கூட்டியை எட்டிப்பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏனுங்கம்மா, ஸ்டாண்டு" என்று கத்தினார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, ஒரு கையை எடுத்து நேராக முன்னால் காட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வழி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போல. கை எடுத்ததில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. பிலேமோனுக்கு உயிர் போய் வந்தது.

இறக்கிவிடச் சொன்னார். இது எக்ஸ்பிரஸ், கிணத்துக்கடவில்தான் நிற்கும் என்றார் கண்டக்டர். அப்படியே கிணத்துக்கடவில் இறங்கி, நடுரோட்டில் போய் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டி வந்தது. அந்த அம்மா பிரேக் போட்டு, காலை ஊன்றி, அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வருக வருகன்னு போட்டிருக்குதுங்க. எனக்குங்களா?"

"ஸ்டாண்டு கீழ தொங்குதுங்கம்மா. உக்கடத்துல இருந்து வாரேனுங்க."

அந்த அம்மா குனிந்து பார்க்கவே இல்லை. அது நாலு வருஷமாகவே தொங்குகிறது, ஸ்பிரிங் போய்விட்டது என்றார். பெயர் சுப்பாத்தாள், பக்கத்தில் தக்காளித் தோட்டம். பையன் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். பிலேமோன் திகைத்துப்போய், நாலு வருஷம் லெப்ட்டில் எப்படித் திரும்பினீர்கள் என்று கேட்டார்.

"நானெங்கீங்க லெப்ட்ல திரும்புறேன்? மூணு தரம் ரைட்ல திரும்பினா லெப்ட்டுதானுங்களே. எங்க ஊட்டுச் சந்துகூட லெப்ட்டுலதானுங்க இருக்குது. நேராப் போயி, ரைஸ் மில்லச் சுத்தி மூணு ரைட்டு போட்டு வந்துருவேனுங்க."

பிலேமோன் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் தான் கேட்ட ஜெபத்துக்கு நாலு வருஷம் முன்பே பதில் வந்திருக்கிறது. அப்படியானால் ஆண்டவர் தன்னை எதற்காக இவ்வளவு தூரம் வரவைத்தார்? உடுமலைப் பிரசங்கியார் இந்நேரம் பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தினமும் யாராச்சும் ஸ்டாண்டு ஸ்டாண்டுன்னு கத்தத்தான் செய்றாங்க. பஸ் ஏறி வந்தது நீங்க ஒருத்தருதானுங்க" என்றார் சுப்பாத்தாள்.

பிலேமோன் எழுந்தார். எதிரில் இருந்த பஞ்சர் கடையில் ஸ்பிரிங் இல்லை. பழைய ட்யூபில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, கொக்கியை நிமிர்த்தி, ட்யூபை இழுத்து மாட்டினார். ஸ்டாண்டு படக்கென்று மேலே போய் ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ மெஷினை ஓடவைத்திருக்கிறார். இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இனி ஒரு தடவை லெப்ட்டில் திரும்பிக் காட்டுங்கள் என்றார்.

சுப்பாத்தாளுக்கு வரவில்லை. திருப்பம் வந்ததும் கை தானாக ரைட்டுக்குப் போனது. பிலேமோன் அட்டையை இடப்பக்கம் ஆட்டி ஆட்டி, கூடவே ஓடினார். டீக்கடையிலிருந்து எழுந்து வந்தவர்களும் லெப்ட், லெப்ட் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாலாவது தடவை வண்டி மெல்லச் சாய்ந்து, இடப்பக்கம் திரும்பி, சந்துக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் சுப்பாத்தாள் ஒரு பை தக்காளியோடு திரும்பி வந்தார்.

"ஊடு இத்தனை பக்கத்துலயாங்க இருந்துச்சு" என்று சொல்லிப் பையைக் கையில் திணித்தார்.

பிலேமோன் சபைக்கு வந்து சேர்ந்தபோது ஆராதனை முடிகிற நேரம். பிரசங்கியாருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அழைக்க வந்த ஆளைக் காணாமல் தவித்தவரை அப்துல் நாசர் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். பிரசங்கியார் யாரும் கவனிக்காத எளிய ஊழியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி எல்லோரையும் கண்கலங்க வைத்திருந்தார். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் செயலாளர் பிலேமோனைப் பார்த்துவிட்டார். முதுகெல்லாம் மண், கை கிரீஸ், ஒரு கையில் அட்டை, மறு கையில் தக்காளி.

எங்கே போனீர்கள் என்று கேட்டார் செயலாளர். பிலேமோன் ஒளிக்கவில்லை. "ஒரு அம்மாவை லெப்ட்ல திருப்பி விட்டுட்டு வாரேனுங்க" என்றார்.

அந்தப் பதிலைப் பற்றிக் கமிட்டி அன்று மதியம் நெடுநேரம் பேசியது. பெர்சிஸ் வீட்டுக்குப் போய் அத்தனை தக்காளியையும் தொக்காக்கி, ஒரு டப்பாவில் போட்டு நாசரின் கடைக்குக் கொடுத்தனுப்பினார். கமிட்டியில் கடைசியாக, இனி பிலேமோனுக்கு உள்ளே எந்தப் பொறுப்பும் கிடையாது, வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று முடிவானது. முடிவைச் சொல்ல வந்த செயலாளருக்கே சங்கடமாக இருந்தது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

பிலேமோன் மைதானத்தைப் பார்த்தார். சாயங்கால ஆராதனைக்கு வந்த இருநூறு பைக்குகள், ஸ்கூட்டிகள், வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஆராதனை முடிந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பும். கண்ணைத் துடைத்ததில், கழுவியும் போகாத கிரீஸ் முகமெல்லாம் ஆனது.

ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கார்களும் நின்றன. அவற்றுக்காக அவர் என்ன செய்ய முடியும் என்பதுதான் அன்று ராத்திரி ஜெபத்தில் மிச்சமிருந்த கேள்வி.