அடியில் பொருத்தும் செப்புக் கிண்ணம்

பிறர் விட்ட பிழைக்கு ஏச்சு வாங்குவதுதான் காஸ் செக் பொருத்துகிறவனின் தொழில். கனடாவின் ஸ்காபரோவில் யோகண்ணையின் வேட்டைச் சாமான் கடையில் பின்பக்க மேசை என்னுடையது. வீட்டில் ஈயம் உருக்கி ரைபிளுக்குச் சன்னம், அதாவது குண்டு, வார்க்கிறவர்கள் அவற்றை என்னிடம் கொண்டுவருவார்கள். வெடிக்கிற சூட்டில் ஈயத்தின் அடி உருகித் துப்பாக்கிக் குழாய்க்குள் அப்பாமல் இருக்க, சட்டைப் பொத்தானிலும் சிறிய செப்புக் கிண்ணம் ஒன்றை அடியில் வைத்து இறுக்கிக் கொடுப்பேன். அதுதான் காஸ் செக். எட்டு வருடமாய் இந்த மேசையில் இருக்கிறேன். ஆனால் இன்னொரு முறைப்பாடு வந்தால் என்னைத் தூண்டில் விற்க விடுவதாக யோகண்ணை சொல்லி வைத்திருந்தார். கடைகளின் பின்பக்கத்தில் நின்று மாரடிக்கிறவர்களே, நீங்களே ஞாயம் சொல்லுங்கள்.

மான் பார்க்குமோ

மிசிசாகாவிலிருந்து ஒருவர் ஒரு வாளி சன்னம் கொண்டுவந்தார். அவசரத்தில் வார்த்தது. பாதிக்கு மேல் அடி நிரம்பாமல் மொட்டையாய்க் கிடந்தன. கிண்ணம் எதில் குந்தும்? அவற்றைப் பிரித்து வைத்து, திரும்ப உருக்குங்கள் என்றேன். ஏதோ நான்தான் பழுதாக்கினதுபோல முறைத்தார்.

"உந்த அடியை ஆர் பாக்கப்போயினம்? மான் பாக்குமோ?"

பந்தியில்

ஒரு கலியாணத்தில் மனைவியின் சின்னம்மா பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவன் இங்கே இருந்து சன்னம் செய்யலாமோ என்று மேசை முழுக்கக் கேட்கக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வெடிச் சத்தத்துக்கு ஓடியவன் நான். எனக்கு அதை அவர் நினைப்பூட்ட வேண்டுமா? போன மாரியில் ஒரு வாடிக்கையாளர் தந்த மான் இறைச்சியை எங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். அதைச் சொன்னேன்.

"இறைச்சி வேறை, சன்னம் வேறை, தம்பி."

கழன்ற கிண்ணம்

செபஸ்தியான் அங்கிள் மன்னார்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் பொருத்திக் கொடுத்த சன்னங்களை இரண்டு கிழமை கழித்துப் பையோடு திருப்பிக் கொண்டுவந்தார். கிண்ணங்கள் எல்லாம் கழன்று பைக்கு அடியில் கிடந்தன. நான் இறுக்கியது கையால் கழலாது. அதைச் சொல்ல வாய் திறக்குமுன் யோகண்ணை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அங்கிள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமைக்கிடையிலை மேசையை ஒதுக்கித் தா, பிறகு நீ தூண்டில் பக்கம்."

புளி

அன்று மத்தியானம் கழன்ற கிண்ணங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளும் புறமும் குத்துவிளக்குப்போல மின்னின. ஒன்றுக்குள் ஒரு தும்பு ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன். பழப்புளி.

அங்கிளைக் கடைக்குக் கூப்பிட்டு யோகண்ணைக்கு முன்னால் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. செம்பு மங்கலாய் இருந்ததாம். மீன் வெட்டும் கத்தியால் ஒவ்வொன்றாய் நெம்பிக் கழற்றி, குழம்புச் சட்டியில் புளி கரைத்து மினுக்கி, விரலால் திரும்ப அமத்தி வைத்தாராம். அந்தச் சட்டியில் இனிச் சமைக்க வேண்டாம், ஈயம் ஊறியிருக்கும், எறியுங்கள் என்று கத்தியே விட்டேன். எறிகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பிழையை ஒத்துக்கொள்ளவில்லை.

"நீர் முதலே மினுக்கித் தந்திருந்தால் நான் ஏன் கழட்டுறன்?"

இப்போது யோகண்ணை ஞாயம் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் யோசித்துத் தலையாட்டினார்.

"மேசை உன்னோடையே இருக்கட்டும். ஆனால் அவர் சொல்லுறதும் சரிதானே, இனி மினுக்கிப் பூட்டு."

ஆகவே இப்போது என் மேசையில் ஒரு புளிப் பக்கற்றும் இருக்கிறது, ஏனென்றால் சுடும்போது ஒருவர் கண்ணிலும் படாத செம்பு பளபளத்தால்தான் இந்தத் தொழிலில் ஒருவனை வேலை தெரிந்தவன் என்கிறார்கள்.