முரசுமோட்டையில் சூரியனுக்கு இரண்டாம் இடம்

சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து முரசுமோட்டைக்குப் போனேன். காரணம் தயிர். லாண்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஒரு குளிர்ப்பெட்டியை ஏற்றி, நெல் வெட்டு நடக்கும் வயல்களில் தயிர் விற்கிறாள் என் அக்கா. பழைய பற்றரி மத்தியானத்துக்கு முன்பே படுத்துவிடும். மிச்சத் தயிர் புளித்துப்போகும். இந்தமுறை லித்தியம் பற்றரி வாங்கியிருந்தாள். இழுவைப் பெட்டியின் கூரையில் 100 வாட் சோலர் பனல் ஏற்கெனவே இருந்தது. பனலின் மின்சாரத்தைப் பற்றரிக்கு அளந்து கொடுக்கும் சார்ஜ் கொன்ரோலரைப் பூட்டுவது என் பொறுப்பு. எனக்கு ஃபோன் திருத்தும் கடை இருப்பதால், வயர் உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அக்காவின் நம்பிக்கை.

காலை 6.30 பஸ். பரந்தனுக்கு ஏறக்குறைய 82 கிலோமீற்றர், 360 ரூபா. இடப்பக்கம் இருங்கள்; வலப்பக்கத்தில் காலை வெயில் முகத்தைச் சுட்டெடுக்கும். நான் வலப்பக்கம்தான் இருந்தேன். 8.45க்கு பரந்தன் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீற்றர், 500 ரூபா.

"என்ன தங்கச்சி, மடியில வச்சுக்கொண்டு வாறியள்?" என்றார் ஓட்டோக்காரர்.

"சோலர் கொன்ரோலர் அண்ணை."

"எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடந்தது. ரெண்டு மாசத்தில செத்துப்போச்சு."

"முதல் பனலைக் கொழுவினீங்களோ, பற்றரியையோ?"

"அதை ஆர் பாத்தது!" என்று சிரித்தார்.

அத்தான் வாசல் படலையிலேயே நின்றார். குளித்து, திருநீறு பூசி, கையில் கலண்டர் தாள். சுபநேரம் 9.30 முதல் 10 வரை. "முதல் வயர் சூரியனுக்குத்தான் பிள்ளை. பொங்கலெண்டாலும் அவருக்குப் படைச்சிட்டுத்தானே நாங்கள் சாப்பிடுறனாங்கள்?"

"இல்லை அத்தான், முதல் பற்றரிதான். கொஞ்சம் பொறுங்கோ, வாறன்" என்றுவிட்டு, ஏன் என்று சொல்லாமல் குசினிக்குப் போனேன். அங்கே சுடச்சுடப் பிட்டு இருந்தது. பிட்டைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

நான் திரும்பி வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அத்தான் பனலை முதலில் கொழுவி, பிறகு பற்றரியையும் கொழுவியிருந்தார். குளிர்ப்பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே எண்பது கோப்பைத் தயிர். மூன்று மணிக்கு அக்கா வயலில் நிற்க வேண்டும்.

அக்கா மூடியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தாள். "என்னப்பா, உங்கட சூரியன் வந்திட்டார். குளிர் போயிட்டுது."

அத்தானுடைய முகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அக்காவுக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதானே அந்த மனிசன் விடியவே தலைமுழுகினார்!

நடந்தது இதுதான். இந்த வகைக் கொன்ரோலர், தன்னிடம் முதலில் வரும் மின்னழுத்தத்தைப் பார்த்தே இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவெடுக்கும். வெயிலில் நின்ற பனல் 21 வோல்ட் கொடுக்க, 24 என்று எடுத்துவிட்டது. பிறகு 13.3 வோல்ட்டில் வந்த நல்ல பற்றரியைத் தீர்ந்துபோன பற்றரி என்று நினைத்து, குளிர்ப்பெட்டிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது.

கூரையில் ஏறி பனலை நெல்லுச் சாக்கால் மூடினேன். பனல் வயரைக் கழற்றி, பிறகு பற்றரியையும் கழற்றி, கொன்ரோலர் பழையதை மறக்கட்டும் என்று பத்து நிமிடம் விட்டேன். பிறகு பற்றரி வயர். கொன்ரோலரின் திரையில் 12 என்று வந்தது. குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்க, அக்கா அப்படியே குந்திவிட்டாள்.

பற்றரி வகையை லித்தியம் என்று மாற்றினேன். பற்றரியில் எழுதியிருந்தபடி உச்சம் 14.2 வோல்ட் வைத்தேன். பழைய ஈயப் பற்றரிகளுக்கு இடைக்கிடை கொடுக்கும் கூடுதல் சார்ஜை நிறுத்தினேன். கடைசியாகப் பனல் வயர், சாக்கு மூடியபடியே.

"அத்தான், மேல ஏறுங்கோ. சாக்கை நீங்கள்தான் எடுக்கவேணும்."

"நேரம் தப்பிட்டுது பிள்ளை."

"சூரியன் இன்னும் நிக்கிறார்தானே."

ஏறினார். கோயிலில் திரை விலக்குவது போல, இரண்டு கையாலும் மெதுவாக எடுத்தார். கொன்ரோலரின் திரையில் சைபராக நின்ற எண் 4.8 அம்பியர் ஆனது. கீழே நின்ற எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதற்காகவே இன்னொருமுறை 82 கிலோமீற்றர் போகலாம்.

நீங்களும் இந்த வேலைக்குப் போவதென்றால்: பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். பனலை மூடிவிட்டுத் தொடுங்கள். பற்றரியின் தாளில் உள்ள எண்களையே போடுங்கள், என்னுடையதை அல்ல. ஏன் என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டுப் பிட்டுச் சாப்பிடுங்கள்.

எண்பது கோப்பையும் அன்று விற்றது. அடுத்த கிழமை அக்கா ஃபோன் எடுத்தாள். "இந்தாள் ஒவ்வொரு பின்னேரமும் பனலைச் சாக்கால மூடுது. விடிய ஏறி நிண்டு கும்பிட்டுத் திறக்குது. தேவையில்லையெண்டு நீ ஒருக்காச் சொல்லன்."

"தேவைதான் அக்கா, தூசி படியாது" என்றேன்.