சுருள் மாப்பிள்ளையும் பேக்கரி அலாரமும்

கடைகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டும் வேலைக்காரரை எல்லோரும் ‘சுருள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒயர் மிஞ்சினால் வெட்ட மனசு வராது. வளையல் போலச் சுருட்டிக் கட்டி, இரண்டடி தள்ளி நின்று ரசிப்பார். கட்டிய மனைவியை அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்த அழகுதான் மாமனாரின் பேக்கரியில் அவர் மானத்தை வாங்கியது. பின்னால் இருக்கும் குடோனிலிருந்து முற்றம் தாண்டி வரும் சென்சார் ஒயர் வழியாக மின்னல் புகுந்து அலாரம் போர்டைக் கருக்கிவிட்டது. உடனே சுருள் ஒரு சர்ஜ் புரொடெக்டர் மாட்டினார். பாய்ந்து வரும் மின்சாரத்தை மண்ணுக்குத் தள்ளிவிடும் சின்னப் பெட்டி அது. அடுத்த மழையில் பெட்டி குத்துக்கல் மாதிரி இருந்தது. போர்டுதான் மறுபடியும் போய்ச் சேர்ந்தது.

"இன்னொரு தடவை எரிஞ்சா வேற ஆளைப் பாத்துக்கறேன் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

சொந்த மாமனாரே கைவிட்டால் கடைத்தெருவில் யார் கூப்பிடுவார்கள்? சுருள் மனைவியையும் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் அலாரத்தின் மூடியைத் திறந்தார். சர்ஜ் பெட்டியிலிருந்து, மண்ணுக்குள் இறங்கும் எர்த் பட்டைக்கு ஒரு சாண் தூரம்தான். நடுவில் சுருண்டு கிடந்த எர்த் ஒயரோ நாலு முழம்.

"இவ்வளவு நீளம் எதுக்குங்க?"

"அழகா இருக்கேன்னு..."

"மின்னல் நின்னு அழகு பாத்துட்டா போகும்?"

எர்த் ஒயர் குட்டையாக, நேராகப் போக வேண்டும், சுற்றி வளைத்தால் பாய்ச்சல் போர்டு பக்கம் திரும்பிவிடும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவரே அவர்தான். கைதான் பேச்சைக் கேட்கவில்லை.

வானம் வெளுத்திருந்தது. மெயினை அணைத்தார், பேட்டரியைக் கழற்றினார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை வெட்டினார். வெளியிலிருந்து வரும் ஒயர் ஒரு பக்கம், போர்டுக்குப் போகும் ஒயர் மறுபக்கம் என்று, பாய்ச்சல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாதபடி பிரித்தார். புது போர்டை மாட்டி ஒருமுறை அலறவிட்டுப் பார்த்தார். வேலை மொட்டையாகத் தெரிந்தது. அழுகையே வந்தது.

அந்த வாரமே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இடியில் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. மழை விட்ட மத்தியானம், மாமியார் வழக்கம்போல அலாரத்தைப் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சுருளுக்கும் அன்று அங்கேதான் சாப்பாடு. சோற்றில் கை வைக்கவில்லை, அதற்குள் அலாரம் தெருவையே கூட்டிவிட்டது. சுருள் விழுந்தடித்து ஓடினார். பின்னாலேயே மாமியார், பூரிக்கட்டையோடு.

குடோனில் திருடன் யாரும் இல்லை. டாக்டர் இனிப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்த மாமனார், மீசையெல்லாம் கிரீமோடு கேக் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு இடி இடிச்சுதே, எரிஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்," என்றார் பாவமாக.

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நம்ம வீட்டு சமையல்கட்டுக்கும் ஒண்ணு மாட்டிடுங்க. இன்னைக்கே."