அழுத்தக்காரிக்கு வந்த நல்ல பெயர்

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மாலுமிகளின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, விமான டிக்கெட் போடுவது, அவர்கள் வீட்டிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்வது என்று நாள் ஓடிவிடும்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து எங்கள் எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு வைத்தார். போனிலேயே எழுதலாம். ‘நெருக்கடியில் நான் பதறுவதில்லை’, ‘என் உணர்ச்சிகளை உடனே வெளிக்காட்டிவிடுவேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஓரளவு, இல்லை என்று தொட்டுக்கொண்டே போனேன். எனக்கு வந்த முடிவு: ‘நிதானமானவர். பிறர் நிலைகுலையும்போது இவரை நம்பலாம்.’

அதைப் படித்ததும் மனசுக்குள் ஏதோ இளகியது. சின்ன வயதிலிருந்து வீட்டில் எனக்கு வேறு பெயர். அழுத்தக்காரி. அப்பா இறந்தபோது அழாமல், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அத்தைமார் இன்றைக்கும் சொல்லுவார்கள். இத்தனை வருடம் குறையாகச் சொல்லப்பட்டதற்கு ஒரு நல்ல வார்த்தையும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து என் மகளுக்கு அனுப்பினேன். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். கட்டை விரல் உயர்த்திய படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினாள்.

சில மாதம் கழித்து, எங்கள் அலுவலகம் அனுப்பிய மாலுமி ஒருவர் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு அறைக்குள் விழுந்து இறந்துபோனார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“வீட்டுல அவரோட சம்சாரம் மட்டும்தான் இருக்கு. நீங்க போய்ச் சொல்லிருங்கம்மா. உங்களாலதான் முடியும். டெஸ்ட்டுலயே வந்துச்சுல்ல.”

மறுக்கத் தோன்றவில்லை. சொல்லப்போனால், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடற்கரைப் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில் வீடு. அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் பார்த்த முகம் என்பதால் சிரித்துக்கொண்டே, “வாங்கக்கா, இங்கன உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவளையும் உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்தத் துறைமுகம், என்ன வேலையாக இறங்கினார், எப்படி விழுந்தார், உடம்பு எப்போது வரும், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் கையில் ஈரத்துணி அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“எப்படிக்கா இதை இவ்வளவு சாதாரணமாச் சொல்லுதிய?” என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டேன். என் குரல் துளிகூடப் பிசகவில்லை என்பதைக் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து எப்போதும்போலச் சாப்பிட்டேன். பசித்தது. அதுதான் என்னைக் கலக்கியது. மகளிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் பழைய கதை ஒன்றை எடுத்தாள்.

“நான் மாடிப்படியில விழுந்து கை ஒடிஞ்சது ஞாபகம் இருக்காம்மா? நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போட்ட. அப்புறந்தான் என்கிட்ட வந்த.”

“சீக்கிரம் கொண்டுபோகணும்ல.”

“சரிதான். ஆனா எனக்கு வலியைவிட உன் மூஞ்சியப் பாத்துத்தான் பயமா இருந்துச்சு. ஒண்ணுமே இல்ல அதுல.”

குற்றம் சொல்லும் தொனி இல்லை. வெகுநாளாக வைத்திருந்ததை இறக்கி வைத்தவள்போல இருந்தாள். பிறகு என் போனை வாங்கி அந்தத் தேர்வைத் திறந்தாள். “நான் உனக்காகப் போடுதேன்” என்று அதே கேள்விகளுக்கு, என்னைப் பற்றித் தனக்குத் தெரிந்தபடி அவளே பதில் தொட்டாள். முடிவைப் படித்துவிட்டுத் தயங்கி என்னிடம் நீட்டினாள். ‘விலகி நிற்பவர். நெருங்கியவர்களுக்கும் இவரைப் புரிந்துகொள்வது கடினம்.’

எது பொய்? நான் எதையும் மாற்றி எழுதவில்லை. அவளும் அப்படித்தான். நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது அந்தத் தேர்வுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவின் சாவு வீட்டில் நாற்காலி தூக்கியபோது எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. எனக்குமே தெரியாது என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாள் மேலாளரிடம், இனி சாவுச் செய்தி சொல்ல என்னை அனுப்ப வேண்டாம் என்றேன். “வேற யாரும்மா இருக்கா?” என்றார்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, கப்பலிலிருந்து வந்திருந்த கணவருடைய பையை வாங்க அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“அன்னைக்கு உங்களை அடிக்கணும்போல இருந்துச்சுக்கா” என்றாள். “பெறகு வந்தவுக எல்லாரும் அழுதாவ. அவுகளத் தேத்தவே எனக்குச் சரியாப் போச்சு. என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒருத்தருதான் சொன்னிய. அதை வச்சுத்தான் அவருக்கு என்ன ஆச்சுன்னு நெனச்சுப் பாக்க முடிஞ்சுது.”

நன்றி சொல்கிறாளா, கணக்குத் தீர்க்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. தனியாகத் திறக்கப் பயமாக இருக்கிறது, இங்கேயே திறக்கலாமா என்று கேட்டாள். உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். பையின் ஜிப்பை நான்தான் இழுத்தேன். துவைக்காத சட்டை ஒன்று மேலே இருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் உடைந்து அழுதாள்.

தொட வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. அவளே ஒரு கையால் துழாவி என் கையைப் பிடித்து, தன் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் குலுங்கக் குலுங்க என் கையும் சேர்ந்து ஆடியது. அவள் அழுது முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை. என் கண்ணில் நீர் வருகிறதா என்று எனக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.