‘உடனே பல் தேய்த்துவிடு’ என்றேன்

பேச்சியம்மாளின் பற்களைக் கெடுத்தவள் நான்தான். டாக்டர் இல்லை, அவள் தலையெழுத்தும் இல்லை... நான்!

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தேன். பற்களை வெண்மையாக்கிக்கொண்டு போகிறவர்களுக்குப் பின்கவனம் சொல்லியனுப்புவது என் வேலை. சேர்ந்த அன்றே டாக்டர் எல்லாம் விளக்கினார். அரைக்காதில்தான் வாங்கினேன். அது உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம்.

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை, பென்னலூரில் ஆறு பேரோடு ஓர் அறையில் வாடகை. ஊர்த் தண்ணீரால் பற்களில் பழுப்புக் கறை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கறை போன அன்று கண்ணாடியை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

பத்து நாள் கழித்து வந்து கேட்டாள்.

“எக்கா, வெயிலுக்கு கம்பெனில பிரேக்குக்கு பிரேக் லெமன் ஜூஸ் தாராவ. குடிக்கலாமா?”

டாக்டர் உள்ளேதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரியாது என்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

“இன்னா இப்போ, குடி. குடிச்ச ஒடனே பல்லு தேச்சுடு, ஒண்ணும் ஆவாது.”

சொன்னதை அப்படியே செய்தாள், பாவி! லாக்கரில் பிரஷ் வைத்துக்கொண்டு, பத்து நிமிட பிரேக்கில் குழாயடிக்கு ஓடி, புளிப்பில் இளகிய பல்லை அழுத்தித் தேய்த்திருக்கிறாள். கோடை முழுவதும்.

ஆடியில் வந்தாள். முன்பற்கள் மெலிந்து போயிருந்தன. தண்ணீர் பட்டாலே துடித்தாள். ஜூஸ் குடித்த கையோடு தேய்த்ததை டாக்டரிடம் சொன்னாள். எனாமல் அரித்துவிட்டது, போனது திரும்ப வளராது என்றார் டாக்டர்.

“யாரும்மா ஒன்ன இப்படி தேய்க்கச் சொன்னது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கருவித் தட்டைத் துடைத்தேன்... துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“நானாத்தான் செஞ்சேன் சார். நல்லதுன்னு நெனச்சேன்.”

ஏன் அப்படிச் சொன்னாள்? என் வேலை போய்விடுமென்றா? அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதாலா? காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்தாவது தொலைத்திருப்பேன்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கறதில்ல” என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயே இன்னொரு தடவ பொறுமையா சொல்லும்மா” என்றார்.

சொன்னேன். புளிப்புக் குடித்தால் வெறும் தண்ணீரில் கொப்பளி, ஒரு மணி நேரம் பிரஷ் தொடாதே... எதிரில் உட்கார்ந்து, அவள் கண்களைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

“சரிக்கா... சரிக்கா” என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், முதன்முறையாகத்தானே கேட்கிறாள்.