சுப்பண்ணன் போட்ட ஜாயிண்ட்

கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பந்தியைத் தேடுவார்கள். சுப்பண்ணன் கை கழுவும் குழாயைத் தேடுவார். அது சொட்டினால் போதும், சாப்பாடு இறங்காது. "ஏனுங்க, இதை மாட்டுனது ஆருங்க?" என்று மாப்பிள்ளையின் தகப்பனாரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்.

கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார். காரமடையிலிருந்து சத்தியமங்கலம் வரை கிணறுகளில் இறங்கிக் குழாய் மாட்டிய கை. சணலை வெள்ளைப் பெயிண்டில் தோய்த்து, மரையில் சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் சொட்டுத் தண்ணீர் கசியாது. அது உண்மைதான். அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள மற்ற அத்தனை பேரும் மடையர்கள் என்று தீர்மானித்திருந்தார்.

தொண்ணூற்றாறில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். மனைவி பழனியாத்தாளின் தம்பி நாச்சிமுத்து பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரி. குத்துவிளக்கு, அண்டா என்று இல்லாமல் அக்காவுக்கு வாஷிங் மிஷினைச் சீராக இறக்கினான். கிரீஸ் படிந்த காக்கித் துணிகளைக் கல்லில் அடித்தே பழனியாத்தாளுக்கு வலது தோள் போயிருந்தது. தலை வாரக் கை எழும்பாது. மிஷினைத் தொட்டுப் பார்த்தபோது அவள் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை விருந்துக்கு வந்த உறவு முழுக்கப் பார்த்தது.

கடையிலிருந்து வந்த மெக்கானிக் ஆல்வின், இறக்கி வைத்துவிட்டு, "நாளன்னைக்கு வந்து நானே கனெக்சன் குடுக்கறேனுங்க. அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிப் போனான்.

சுப்பண்ணனையா தொடாதே என்பது?

"டை கட்டீட்டு ஸ்க்ரூ டிரைவர் புடிக்கறவன் எனக்குச் சொல்றான்," என்றார். மறுநாள் காலையிலேயே பட்டறையிலிருந்து சணலும் பெயிண்டும் வந்தன. மிஷினோடு வந்த ரப்பர் வாஷரை எடுத்துப் பார்த்தார். "சொப்புச் சாமான்" என்று வீசினார். பழனியாத்தாள் அதைப் பொறுக்கி ஊக்கு டப்பாவில் போட்டு வைத்தாள்.

ஜாயிண்ட் ஆனது. ஒரு சொட்டுக் கசியவில்லை. சுப்பண்ணன் விரலால் தடவிக் காட்டினார். பிறகு சுவிட்சைப் போட்டார். மிஷின் ரீங்காரம் போட்டது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை.

குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடித்தார், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மாடியேறித் தொட்டியைப் பார்த்தார், நிறைந்திருந்தது. ஹோஸ் எங்காவது நசுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று தடவினார், இல்லை. எல்லாவற்றையும் பார்த்தார், தன் ஜாயிண்டைத் தவிர. அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"டம்மிப் பீசைத் தலைல கட்டீட்டான் உன்ற தம்பி."

"நாளைக்கு அந்தக் கடைத் தம்பி வந்து பாக்கட்டுமுங்க."

"அவன் வந்து என்ன கிழிக்கப் போறான்? திருப்பி அனுப்பீர்லாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பொள்ளாச்சிக்குப் போன் போட்டு, கொப்பரை மண்டியில் பத்துப் பேர் கேட்கும்படி பேசினார். மதியத்துக்குள் நாச்சிமுத்து டெம்போவோடு வந்துவிட்டான். கொடுத்த சீரைத் திருப்பி எடுத்துப் போகிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். துவைக்கிற கல்லின் மேல் ஊறப்போட்ட காக்கி காத்திருந்தது.

"ஹோஸைக் கழட்டுங்க மாமா, ஏத்தீர்லாம்."

"நீயே கழட்டு மாப்ள."

நாச்சிமுத்து இரு கையாலும் திருகினான். அசையவில்லை.

"கொப்பரை நிறுக்கற கையில வருமா? என்ற ஜாயிண்ட் அது," என்று சுப்பண்ணன் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே ரெஞ்சோடு குனிந்தார். அவருடைய கடைசிச் சிரிப்பு அன்றைக்கு அதுதான்.

ஹோஸ் கழன்றது. மிஷினில் ஹோஸ் மாட்டும் வாயில் சின்னச் சல்லடை ஒன்று. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஊறிய சணல், பிசுபிசுவென்று தாடி மாதிரி அப்பியிருந்தது. ஊசி நுழைய இடமில்லை.

பழனியாத்தாள் அவரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, கொண்டை ஊசியால் நார் நாராக எடுத்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் பெயிண்டைத் துடைத்தாள்.

"இத்தனூண்டு சல்லடை வெச்சா அடைக்கத்தான் அடைக்கும்," என்றார் சுப்பண்ணன். "கெணத்துப் பைப்பு நுனியில ஃபுட்வால்வுச் சல்லடை பாத்திருக்கயா மாப்ள? கையே போகும்."

"அங்க துணி தொவைக்கறதில்லீங்களே மாமா," என்றான் நாச்சிமுத்து.

அவள் ஊக்கு டப்பாவிலிருந்து வாஷரை எடுத்து வைத்து, ஹோஸைக் கையாலேயே திருகினாள். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மரையில் மிச்சமிருந்த பெயிண்டால் ஜாயிண்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் திரண்டு, நின்று, விழுந்தது.

சுப்பண்ணனின் கை தானாகச் சணலை நோக்கிப் போனது.

"தொட்டீங்கன்னா, அந்தக் காக்கியக் கல்லுல நீங்கதான் அடிக்கோணும், சொல்லீட்டனுங்க."

கை திரும்பிவிட்டது. டெம்போ காலியாகப் பொள்ளாச்சிக்குப் போனது.

மறுநாள் ஆல்வின் வந்தான். சொட்டைப் பார்த்து, "பெயிண்டு காஞ்சா தானா நின்னுருமுங்க" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனான். சொட்டு நிற்கவில்லை. வீட்டுக்கு வருகிற பட்டறைக்காரர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, உங்கூட்லயே கசியுது, மாட்டுனது ஆருங்க?" என்று கேட்பார்கள்.

"கம்பெனிப் பையன் ஒருத்தன் வந்தான், டை கட்டீட்டு," என்பார் சுப்பண்ணன்.

உள்ளே பழனியாத்தாள் இரண்டு கையாலும் தலையை வாரிக்கொண்டிருப்பாள். மறுத்துப் பேச மாட்டாள்.